பிரெய்ல் டிஸ்பிளேயின் விசைகளை நம் வசதிக்கு மாற்ற முடியுமா? மாற்றினாலும் சில நாளில் பழையபடி ஆகிவிடுகிறதே, ஏன்?

முடியும். திரையில் உள்ளதை விரலால் தடவிப் படிக்கும் பிரெய்ல் புள்ளிகளாக எழுப்பித் தரும் கருவிதானே அது. "வந்தபடியே பழகிக்கொள்ளுங்கள், கை வைக்காதீர்கள்" என்று சொல்லும் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். உங்களிடம் இருப்பது விண்டோஸும் என்விடிஏ என்ற திரைவாசிப்பு மென்பொருளும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஜாஸ் என்ற இன்னொரு திரைவாசிப்பானை வைத்திருப்பவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். விசைகளை மாற்ற அவர்களுக்குக் கீபோர்டு மேனேஜர் இருக்கிறது.

முதலில் ஒரு சோதனை. என்விடிஏ விசையுடன் (வழக்கமாக இன்சர்ட்) 1ஐ அழுத்தினால் உள்ளீட்டு உதவி தொடங்கும். இப்போது டிஸ்பிளேயில் மாற்ற நினைக்கும் விசையைத் தொடுங்கள். அதன் பெயரைச் சொன்னால் மேலே போகலாம். ஒன்றுமே சொல்லாவிட்டால் அந்த விசை கணினிக்கே வந்து சேரவில்லை. குறிப்பெடுக்கும் வசதியுள்ள கருவிகள் தங்கள் சொந்த மெனுவில் நிற்கும்போது விசைகளைத் தாமே விழுங்கிவிடும். கணினியோடு பேசும் டெர்மினல் நிலைக்கு மாற்றாமல் என்விடிஏவைத் திட்டிப் பயனில்லை.

பிறகு என்விடிஏ மெனு, விருப்பத்தேர்வுகள், உள்ளீட்டுச் சைகைகள். வடிகட்டிப் பெட்டியில் கட்டளைப் பெயரின் ஒரு சொல்லைத் தட்டி, கிளை கிளையாக விரியும் பட்டியலில் (மரம் என்பார்கள்) அந்தக் கட்டளைக்குப் போய், சேர் பொத்தானை அழுத்திவிட்டு டிஸ்பிளே விசையை அழுத்துங்கள். கூட்டு விசை என்றால் எல்லா விரல்களும் கீழே இறங்கிய பிறகே கையை எடுக்க வேண்டும். பெரும்பாலான டிரைவர்கள், அதாவது கருவியைக் கணினியோடு பேச வைக்கும் மென்பொருள்கள், முதல் விசை மேலெழும் நொடியில்தான் சேர்க்கையைக் கணக்கில் எடுக்கும். கடைசியில் சரி பொத்தான். எஸ்கேப் தட்டி வெளியே வந்தால் செய்ததெல்லாம் போச்சு.

நடுவில், டிஸ்பிளே விசையை அழுத்தியதும், ஒரு சின்ன மெனு திறக்கலாம். உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிக்கு விடை அங்கேதான் இருக்கிறது. நீங்கள் தரும் விசை டிரைவரின் பெயரோடு சேர்த்துப் பதிவாகிறது. அதே கருவி யுஎஸ்பியில் ஒரு டிரைவரிலும் புளூடூத்தில் இன்னொன்றிலும் இணைந்தாலோ, கருவிக்குள் இருக்கும் மென்பொருளான ஃபெர்ம்வேரைப் புதுப்பித்தபின் பொதுவான எச்ஐடி பிரெய்ல் டிரைவருக்குப் போய்விட்டாலோ பழைய பதிவு பொருந்தாது. அழிந்துபோயிருக்காது, சும்மா கிடக்கும். அதனால் மெனுவில் குறிப்பிட்ட மாடலுக்கு மட்டும் என்றிருப்பதைவிட டிரைவர் முழுவதற்கும் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இடைவெளி விசையும் புள்ளிகளும் சேர்ந்த கூட்டு என்றால் பிரெய்ல் விசைப்பலகை என்ற தேர்வும் வரும். அதுதான் சிறந்தது, டிரைவர் மாறினாலும் உயிரோடு இருக்கும்.

இடைவெளி இல்லாத வெறும் புள்ளிக் கூட்டுக்குக் கட்டளை கொடுக்காதீர்கள். 1, 3 புள்ளிகளுக்கு ஏதாவது கட்டளை வைத்தால் அப்புறம் தட்டச்சில் 'க' வராது. 7ஆம் புள்ளி தனியே அழுத்தினால் பின்னோக்கி அழிக்கும், 8ஆம் புள்ளி உள்ளிட்டதை மொழிபெயர்த்து என்டர் தட்டும்; இவை இரண்டையும் தொடவே வேண்டாம். வேகமாக எழுதும்போது கட்டை விரல் கொஞ்சம் முந்தினாலும் எழுத்தும் இடைவெளியும் ஒட்டிக்கொண்டு கட்டளையாகிவிடும். ஆகவே ஜன்னலை மூடுவது, அழிப்பது போன்ற வேலைகளை ஒன்றிரண்டு புள்ளிக் கூட்டுகளில் வைக்காமல் ஐந்தாறு புள்ளிக் கூட்டுகளுக்குத் தள்ளுங்கள். ஒவ்வொரு பிரெய்ல் எழுத்துக்கும் பக்கத்தில் இருந்து கர்சரை அங்கே கொண்டுபோகும் ரூட்டிங் விசைகளையும் விட்டுவிடலாம் என்பது என் கட்சி. மாற்றத் தகுந்தவை வரியை நகர்த்தும் கட்டை விரல் விசைகள். எந்தக் கை வாசிக்கிறதோ அதற்கு எதிர்க் கையில் முன்னோக்கிய நகர்வை வையுங்கள்.

கண்ட்ரோலோடு சேரும் ஒவ்வொரு குறுக்குவழிக்கும் தனித்தனியே விசை தேட வேண்டாம். கண்ட்ரோல், ஆல்ட் ஆகியவற்றைப் பாவனையாக ஆன் செய்யும் கட்டளைகள் அதே மரத்தில் இருக்கின்றன. ஆளுக்கு ஒரு கூட்டு கொடுத்துவிட்டால் போதும், அதை அழுத்திவிட்டு எழுத்தைத் தட்டலாம்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒரு வயிற்றெரிச்சல். கையேட்டில் விசைகளின் இடத்தை ஒரு படமாக ஒட்டி, அம்புக்குறி போட்டு, விளக்கமே எழுதாமல் விடும் தயாரிப்பாளர்களை என்ன சொல்ல? பிரெய்ல் கருவியின் கையேடு ஐயா அது! யார் படிப்பார்கள் என்று நினைத்தார்கள்? அதனால்தான் உள்ளீட்டு உதவியை முதலில் சொன்னேன்.

லினக்ஸில் பிரெய்ல் டிஸ்பிளேயை இயக்கும் பிஆர்எல்டிடிஒய் மென்பொருள் என்றால் விசை அட்டவணைக் கோப்பில் 'பைண்ட்' என்று தொடங்கும் வரியில் விசையையும் கட்டளையையும் எழுத வேண்டும். ஐபோனில் அதன் திரைவாசிப்பானான வாய்ஸ்ஓவரின் பிரெய்ல் அமைப்புக்குள், இணைந்திருக்கும் டிஸ்பிளேயின் விவரப் பக்கத்தில் தேடுங்கள்.

என்விடிஏவில் செய்த மாற்றங்களெல்லாம் பயனர் அமைப்புக் கோப்புறையில் ஜெஸ்சர்ஸ் டாட் ஐஎன்ஐ என்ற ஒரே கோப்பில் இருக்கும். நகல் எடுத்து வையுங்கள். நீங்கள் நீக்கிய இயல்பு விசைகள் அதில் 'நன்' என்ற பெயரின் கீழ் தெரியும், பிழை என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். விண்டோஸ் உள்நுழைவுத் திரையில் மட்டும் விசைகள் பழையபடி இருந்தால், பொது அமைப்புகளில் சேமித்த அமைப்பை உள்நுழைவுத் திரைக்கும் பயன்படுத்தும் பொத்தானை நிர்வாகி உரிமையோடு ஒருமுறை அழுத்த வேண்டும். பின்னால் எதையாவது மாற்றினால் அதை மறுபடியும் அழுத்த வேண்டும்.