கங்கைகொண்டானா, ஒரகடமா?

அண்ணாச்சி, தம்பிக்கு வந்த இரண்டு வேலைத் தாள்களையும் பார்த்தேன். நம்ம நெல்லைப் பக்கம் கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையில் மாதம் கையில் 17,000. சென்னைப் பக்கம் ஒரகடத்துத் தொழிற்சாலைகளில் 25,000 என்று ஏஜெண்ட் எழுதிக் கொடுத்தது. "எட்டாயிரத்தை விட்டுவிட்டு இங்கேயே கிடக்கணுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த 25,000 முதலில் சம்பளமே இல்லை. தாளில் கம்பெனி பெயர் கிடையாது, 'இன்டர்வியூவுக்குப் பின்' என்று மட்டும் இருக்கிறது. 1970-ல் ஹாரிஸ், டொடாரோ என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் இதற்கென்றே ஒரு கணக்குப் போட்டார்கள்: நகரத்துச் சம்பளத்தை, அந்த வேலை கிடைக்கும் வாய்ப்பால் பெருக்கிப் பார். பாதிக்குப் பாதி என்று வைத்தாலும் 12,500. கிடைத்தே விட்டாலும் ரூம் வாடகை, மெஸ், தீபாவளிக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் இடம் இல்லாமல் ஆம்னி பஸ்ஸுக்கு அழுவது எல்லாம் போக அந்த எட்டாயிரம் கையில் நிற்காது.

நம்மூர்க்காரர்கள் சென்னைக்குப் போய் மளிகைக்கடை வைக்கவில்லையா என்பீர்கள். அவர்கள் போய் இறங்கியது மாமா கடையில், சித்தப்பா கடையில். வேலை உறுதியான பிறகுதான் ரயில் ஏறினார்கள்.

"கொஞ்ச வருஷத்தில் இங்கேயும் அந்தச் சம்பளம் வந்துவிடாதா?" என்று அக்கா கேட்டார்களாம். பாடப்புத்தகம் அப்படித்தான் சொல்லும்: கூலி குறைந்த இடத்துக்கு முதலீடு வரும், கூடிய இடத்துக்கு ஆள் போவான், கடைசியில் இரண்டும் சமமாகும். அப்படியானால் பணம் ஏன் ஏழை நாடுகளுக்குக் கொட்டவில்லை என்று 1990-ல் ராபர்ட் லூகாஸ் என்ற பொருளாதார அறிஞர் கேட்டார். முதலீடு கூலியை மட்டும் பார்ப்பதில்லை; பழகிய கைகள் எங்கே இருக்கின்றன என்றும் பார்க்கிறது. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறைக்கு சோஹோ வந்தது, தூத்துக்குடியில் 2025-ல் வின்ஃபாஸ்ட் கார் ஆலை திறந்தது. சரி, வருகிறது, ஆனால் ஒன்றொன்றாக. ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேட்டில் பிடிக்கவில்லை என்றால் பையன் அடுத்த கேட்டில் போய் நிற்பான். ஆள் போய்விடுவானே என்று கம்பெனிக்கு இருக்கும் அந்தப் பயத்தில்தான் அங்கே சம்பளம் ஏறுகிறது. இங்கே விட்டால் அடுத்த கேட் எங்கே?

அதனால் தம்பி கங்கைகொண்டானில் சேரட்டும், இரண்டு வருஷக் கணக்கில். கம்பெனி ரோலில் நேரடி வேலையா, காண்ட்ராக்டா, பி.எஃப். உண்டா என்று கேளுங்கள். ஒரிஜினல் சர்டிபிகேட்டை யாரிடமும் ஒப்படைக்க வேண்டாம். அப்புறம், ஸ்ரீபெரும்புதூரில் உங்கள் மச்சான் மகன் இருப்பதாகச் சொன்னீர்களே, தம்பியை அவனோடு இப்போதிருந்தே பேச்சில் இருக்கச் சொல்லுங்கள். ஏஜெண்டுக்கு எடுத்து வைத்த 15,000 பீரோவிலேயே இருக்கட்டும்.