காரின் மூக்கு எவ்வளவு தாழலாம்?

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பகுதி ஸ்போர்ட்ஸ் காரின் முன்பக்க உயரத்தைப் பற்றியவை. ஒன்றின் பதில் மற்றொன்றுக்கும் உதவும் என்பதால் அவற்றைச் சேர்த்தே எடுத்துக்கொண்டேன்.

கேள்வி (நாகர்கோவில்): என் இருவர் கார் காயில் ஓவர் சஸ்பென்ஷன் (ஷாக் அப்சார்பரைச் சுற்றியே ஸ்பிரிங் அமைந்த வகை) கொண்டது. முன்பக்கத்தை 20 மி.மீ. தாழ்த்த, ஸ்பிரிங்கைத் தாங்கும் வளையத்தையும் 20 மி.மீ. இறக்கினால் போதுமா?

பதில்: காரின் அமைப்பைப் பொறுத்தது. மேக்ஃபர்சன் ஸ்ட்ரட் வகையில் ஸ்பிரிங் சக்கரத்தை ஒட்டியே ஏறக்குறைய செங்குத்தாக நிற்பதால், வளையம் இறங்கும் அளவும் கார் தாழும் அளவும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். சக்கரத்தை மேலும் கீழும் இரு கைகள் பிடிக்கும் இரட்டை விஷ்போன் வகையில் ஸ்பிரிங் லோயர் ஆர்ம் எனும் கீழ்க் கையின் இடைப்பகுதியில் ஊன்றியிருப்பதால், சக்கரம் நகரும் தூரத்தில் ஒரு பங்கு மட்டுமே அது நகரும். அந்தப் பங்கு 0.65 என்றால் 13 மி.மீ. இறக்கினாலே கார் 20 மி.மீ. தாழும், மரையின் இடைவெளி 2 மி.மீ. எனில் அது ஆறரைச் சுற்று. உங்கள் காரின் விகிதம் தெரியாவிட்டால் இருபுறமும் இரண்டு சுற்று இறக்கி அளந்து பாருங்கள், கணக்கு தானாகக் கிடைத்துவிடும்.

அளப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். தரையிலிருந்து மட்கார்டு வரை அளந்தால் டயரின் காற்றழுத்தமும் தேய்மானமும் கணக்கில் நுழைந்துவிடும். சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை அளப்பதே சரி. ஜாக்கியை எடுத்தவுடன் அளக்கவும் கூடாது. தொங்கிக்கொண்டிருந்த சக்கரங்கள் சற்று உள்ளே ஒடுங்கிய நிலையிலேயே தரையைப் பிடித்துக்கொள்வதால் கார் உண்மையைவிட உயர்ந்து நிற்கும். ஐந்தாறு மீட்டர் முன்னும் பின்னும் உருட்டி, மூக்கை இரண்டு முறை அழுத்திவிட்ட பிறகே அளவு நாடாவை எடுக்க வேண்டும். நம் ஊர் வீடுகளில் கார் நிற்கும் தரை மழைநீர் வடிவதற்காகச் சாய்வாகவே போடப்படுகிறது. கொத்தனாரிடம் இருக்கும் நீர்மட்டக் குழாயை வாங்கி நான்கு சக்கரங்களும் நிற்கும் இடங்களைச் சரிபார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

கேள்வி (தக்கலை): இடது முன்பக்கம் மட்டும் வலதைவிட 8 மி.மீ. தாழ்ந்திருக்கிறது. அந்த மூலையை மட்டும் உயர்த்திவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். நாற்காலி ஒன்றின் ஒரு காலுக்கு அட்டை வைத்தால் என்ன ஆகும்? அந்தக் காலும் அதற்கு மூலைவிட்டமாக இருக்கும் காலும் பாரத்தைச் சுமக்க, மற்ற இரண்டும் இலேசாகிவிடும். காரிலும் அப்படியே. இடது முன்பக்க வளையத்தை ஏற்றினால் இடது முன் சக்கரத்திலும் வலது பின் சக்கரத்திலும் எடை கூடும். வலது முன் சக்கரத்திலும் இடது பின் சக்கரத்திலும் குறையும். கண்ணுக்கு உயரம் சமமாகத் தெரியும். ஆனால் ஈரச் சாலையில் அழுத்திப் பிரேக் பிடித்தால் எடை குறைந்த வலது முன் சக்கரம் முதலில் பிடிப்பை இழக்கும்.

எனவே முதலில் காரணத்தைத் தேடுங்கள். ஸ்பிரிங்கின் கடைசிச் சுருள் உடைந்திருக்கலாம். லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷைச் சக்கரம் தொங்கும்போதே யாராவது இறுக்கியிருக்கலாம். அப்படி இறுக்கினால் ரப்பர் முறுக்கிய நிலையில் நின்று ஒரு பக்கத்தைத் தூக்கிப் பிடிக்கும். கோளாறு முன்பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை, வலது பின்பக்கம் ஏறி நின்றாலும் இடது முன்பக்கம் தாழும். இவை எல்லாம் சரியாக இருந்து உயரத்தைத் திருத்தியே ஆக வேண்டுமானால், நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனி எடைத்தட்டு வைத்து, ஓட்டுநர் இருக்கையில் அவருடைய எடையை ஏற்றி, இடது, வலது சக்கரங்களை இணைக்கும் ஆன்ட்டி ரோல் பாரின் இணைப்பைக் கழற்றிவிட்டுச் செய்ய வேண்டும். தட்டு இல்லாத இடத்தில் 8 மி.மீ. வேறுபாட்டை நான் தொடாமல் விட்டுவிடுவேன்.

கேள்வி (மார்த்தாண்டம்): முன் உதட்டின் (முன் பம்பரின் கீழ் விளிம்பு) அடியில் 100 மி.மீ. இடைவெளி இருந்தும் வேகத்தடைகளில் இடிக்கிறது. எவ்வளவு உயர்த்தினால் தப்பிக்கலாம்?

பதில்: இந்தியச் சாலைக் காங்கிரஸின் விதிப்படி அமைந்த வட்ட வடிவ வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும், 17 மீட்டர் ஆரமும் கொண்டது. உங்கள் காரின் உதடு முன் அச்சிலிருந்து 90 செ.மீ. முன்னே நீண்டிருக்கிறது என்று கொள்வோம். சக்கரம் தடையின் தொடக்கத்தைத் தொடும் நேரத்தில் உதட்டுக்கு நேர் கீழே தடையின் உயரம் சுமார் 73 மி.மீ. மீதி இருப்பது 27 மி.மீ. தடையின் மேலேயே பிரேக்கை மிதித்தால் மூக்கு குனிந்து அந்த மீதியும் போய்விடும். ஆகவே தடைக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டு ஏறுங்கள்; பாதித் தொல்லை அதிலேயே தீர்ந்துவிடும்.

வயிற்றுப் பகுதிக்கு இத்தகைய தடை அச்சமில்லை. 2.45 மீட்டர் வீல்பேஸ் கொண்ட கார் அதன் நடுவில் நிற்கும்போது, சக்கரங்களுக்கு இடையே தடை 44 மி.மீ. மட்டுமே எழும்புகிறது. தொல்லை தருபவை, உள்சாலைகளில் ஊரார் விருப்பத்துக்கு ஒரு மீட்டர் அகலத்தில் குவித்து வைத்த குன்றுகள்தாம். அவற்றுக்கு எந்தக் கணக்கும் பொருந்தாது. தினமும் அப்படிப்பட்ட சாலையில் போக வேண்டியிருந்தால் முன் உதட்டை 125 மி.மீ.க்குக் கீழே இறக்க வேண்டாம் என்பது என் கருத்து. காரின் அழகு சற்றுக் குறையும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கேள்வி (ஆரல்வாய்மொழி): முன்பக்கத்தை 25 மி.மீ. தாழ்த்திய பிறகு முப்பந்தல் பக்கம் போகும்போது கார் அலைகிறது. காற்றுதான் காரணமா?

பதில்: அந்தக் கணவாய்க் காற்று எந்தக் காரையும் சற்று அசைக்கும், காற்றாலைகளை அங்கே நட்டதே அதற்காகத்தானே. ஆனாலும் தாழ்த்திய பிறகு அலைச்சல் கூடியிருந்தால் காற்றை மட்டும் குறை சொல்ல முடியாது. உயரம் மாறியதும், ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் சாய்வு மாறி, சக்கரங்களின் டோ அளவு (மேலிருந்து பார்த்தால் அவற்றின் முன்முனை திரும்பியிருக்கும் அளவு) உள்நோக்கியோ வெளிநோக்கியோ நகர்ந்துவிடும். வெளிநோக்கி நகர்ந்திருந்தால் நேர்ச்சாலையிலும் ஸ்டீயரிங் ஓயாமல் இருபுறமும் அலையும். பெரும்பாலான கார்களில் கேம்பரும் நெகட்டிவ் திசையில் கூடி, அதாவது சக்கரத்தின் மேல்பகுதி உள்நோக்கிச் சாய்ந்து, டயரின் உள்விளிம்பு தேயத் தொடங்கும். வீல் அலைன்மென்ட் பார்க்காமல் உயரத்தை மாற்றுவது அரைகுறை வேலை. காற்றில்லாத ஒரு காலைப் பொழுதில் வேறு சாலையில் ஓட்டிப் பாருங்கள். அங்கேயும் அலைந்தால் அலைன்மென்ட்தான் காரணம், ஐயமே வேண்டாம்.

கேள்வி (குளச்சல்): காயில் ஓவரின் வளையம் துருப்பிடித்து அசையவே மாட்டேன் என்கிறது.

பதில்: உப்புக்காற்றில் இது எதிர்பார்க்க வேண்டியதே, அலுமினிய வளையம் எஃகு உடலைத் தொட்டிருப்பதால் உப்பு ஈரத்தில் விரைவாக அரிபடும். உளியும் சுத்தியலும் வேண்டாம். காரைத் தூக்கி நிறுத்தி, நல்ல தண்ணீரில் கழுவி, நைலான் பிரஷால் மரையின் இடுக்குகளைத் துடைத்து, துரு இளக்கும் எண்ணெய் தெளித்து ஓர் இரவு விடுங்கள். மறுநாள் லாக் நட்டைத் தளர்த்தி, முதலில் மேல்நோக்கி அல்லாமல் சுத்தமான மரை இருக்கும் பக்கமாகக் கால் சுற்று அசைத்துப் பாருங்கள். விடுபட்ட பின் மெல்லிய மெழுகுப் பூச்சு போதும்; கிரீஸைத் தடவினால் மணல் ஒட்டும். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதால் ஆண்டுக்கு இரண்டு முறையாவது இதைச் செய்யுங்கள்.

கேள்வி (குழித்துறை): வளைகுடாவில் இருக்கும் என் மைத்துனர் 1980களின் போர்ஷே 911 ஒன்றை வாங்கியிருக்கிறார். அதன் முன்பக்கத்தில் காயில் ஸ்பிரிங்கே இல்லையே, உயரத்தை எப்படி மாற்றுவது?

பதில்: அந்தக் காலத்து 911இல் முன்பக்கம் டார்ஷன் பார் எனப்படும் முறுக்குக் கம்பிகள்தாம் பாரத்தைத் தாங்குகின்றன, 1989இல் வந்த 964 என்ற 911 மாடல் முதல்தான் காயில் ஸ்பிரிங். பக்கத்துக்கு ஒன்றாகக் கம்பியின் முனையில் சிறு நெம்பும், அதை அழுத்தும் திருகும் இருக்கும். ஒரே சுற்றில் பெரிய மாற்றம் வரும் என்பதால் அரை அரைச் சுற்றாகத் திருப்பி, உருட்டி, அளந்து போக வேண்டும். காரின் பாரம் கம்பியின் மேல் இருக்கும்போது திருகைத் தொட வேண்டாம் என்று மைத்துனரிடம் சொல்லுங்கள். சக்கரம் தொங்கும்படி தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்திய பிறகே திருப்ப வேண்டும்.