50 மணி வேலையும் 35 மணி வேலையும்

தம்பி, இங்கிலாந்தில் கோவென்ட்ரிக்கு வந்து ஆறு மாதம் என்கிறீர்கள். வாரம் 50 மணி நேரம் தொழிற்சாலையில் நிற்கிறீர்கள். ஜேர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் சித்தப்பா மகனோ 35 மணி நேரம் வேலை செய்து உங்களைவிடக் கூடுதலாகச் சம்பாதிக்கிறார். ஜேர்மன்காரர் கடும் உழைப்பாளிகள், இங்குள்ளவர்கள் சோம்பேறிகள் என்று அவர் சொல்வது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்மை இல்லை. அங்கே 14 வருடம், இங்கே 20 வருடம் உலோக வேலை செய்தவன் என்ற முறையில் அடித்துச் சொல்கிறேன்.

ஜேர்மனியில் பிரெஸ் இயந்திரத்தில் டை, அதாவது உலோகத்துக்கு வடிவம் கொடுக்கும் அச்சு, மாற்றும் நேரம் வந்தால், அடுத்த டை துடைத்து எண்ணெய் பூசித் தள்ளுவண்டியில் தயாராக நிற்கும். நானே கழற்றுவேன், நானே பூட்டுவேன், முதல் துண்டை நானே அளந்து பார்ப்பேன். அரை மணி நேரத்தில் இயந்திரம் ஓடும். இங்கு நான் முதலில் சேர்ந்த இடத்தில் அதே வேலைக்கு இயந்திரத்தில் கைவைக்க எனக்கு அனுமதி இல்லை. இயந்திரத்தைப் பூட்டிச் சரிசெய்யும் செட்டர் வர வேண்டும். செட்டர் ஒருவர், இயந்திரங்கள் ஒன்பது. அவர் வரும்வரை கூட்டிய தரையையே மறுபடியும் கூட்டிக்கொண்டிருப்போம். மாலையில், எண்ணிக்கை குறைகிறது, இரண்டு மணி நேரம் கூடுதலாக நில்லுங்கள் என்பார்கள். நின்றோம். கால் வீங்க நின்றோம். அதைச் சோம்பல் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

இரு நாட்டு உற்பத்திக்கும் நடுவிலுள்ள இந்த இடைவெளி பிறவியிலேயே வந்ததுமில்லை. 1950இல் தொழிற்சாலைத் தொழிலாளி ஒருவரின் உற்பத்தி இரு நாடுகளிலும் ஏறத்தாழச் சமமாகவே இருந்தது. அதன் பிறகு மேற்கு ஜேர்மனி முந்தியது. 1979இல் சுமார் 40 சதவீதம் மேலே நின்றது. 1980களின் முடிவில் பிரிட்டன் அந்த இடைவெளியில் பெரும்பகுதியை மூடிவிட்டது. ஆனால் எப்படி மூடியது என்பதையும் பார்க்க வேண்டும். 1979இல் சுமார் 70 இலட்சம் பேர் இருந்த உற்பத்தித் துறையில் பத்து வருடத்தில் சுமார் 50 இலட்சம் பேர்தான் மிஞ்சினார்கள். நலிந்த ஆலைகள் மூடப்பட்டால் மீதமுள்ளவற்றின் சராசரி தானாகவே ஏறும். நீங்கள் இருக்கும் ஊரின் வயதானவர்களைக் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். முதலீடு செய்து முன்னேறிய ஆலைகளும் இருந்தன. 1986இல் சன்டர்லாந்தில் திறந்த நிஸான் ஆலை பின்னர் ஐரோப்பாவின் மிகத் திறன்மிக்க கார் ஆலைகளில் ஒன்றாக வளர்ந்தது. அங்கே வேலை செய்தவர்களும் இதே இங்கிலாந்துத் தொழிலாளர்கள்தான்.

ஆளுக்கு எவ்வளவு உற்பத்தி என்பதையும் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு உற்பத்தி என்பதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஜேர்மனியில் ஒருவர் வருடத்துக்குச் சராசரியாகச் சுமார் 1,340 மணி நேரம்தான் வேலை செய்கிறார். இங்கே 1,500க்கு மேல். ஆகவே மணிக்கு எவ்வளவு என்று கணக்கிட்டால் இடைவெளி இன்னும் பெரிதாகத் தெரியும். 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு இங்கே ஒரு மணி நேரத்துக்கான அந்த உற்பத்தி ஏறத்தாழத் தேங்கியே நிற்கிறது.

உங்கள் உறவினரின் 35 மணி நேரம் சும்மா கிடைத்ததும் இல்லை. அதற்காக 1984இல் ஐ.ஜி. மெட்டால் என்ற ஜேர்மன் உலோகத் தொழிலாளர் சங்கம் வாரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தது. மேற்கு ஜேர்மனி உலோகத் தொழிலில் 35 மணி வாரம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது 1995இல்தான். மணி நேரம் விலை உயர்ந்த பொருளாகிவிட்டால் அதை முதலாளி வீணாக்க மாட்டார். நல்ல இயந்திரம் வாங்குவார், ஆளைப் பழக்குவார். என்னை அங்கே மூன்றரை வருடம் பழக்கினார்கள்: வாரத்தில் சில நாள் ஆலை, சில நாள் தொழிற்பள்ளி. இங்கே வந்து நான் தாக்குப்பிடித்தது அந்தப் பழக்கத்தால்தான்.

ஆகவே ஓவர்டைம் பணத்தைப் பார்த்து அந்த இடத்திலேயே தங்கிவிடாதீர்கள். அடுத்த நேர்முகத்துக்குப் போகும்போது, "இயந்திரத்தை யார் செட் செய்வார்கள், எனக்குப் பழக்கித் தருவீர்களா?" என்று நேராகக் கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் வேறு இடம் பாருங்கள். இங்கிலாந்தில் தொழிற்பயிற்சிக்கு வயது உச்சவரம்பு இல்லை; வதிவிட நிபந்தனைகள் மட்டும் உங்களுக்குப் பொருந்துகின்றனவா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாருங்கள். வாராவாரம் என்ன கற்றேன் என்று எழுதி, பழக்கித் தந்த மூத்த தொழில் வல்லுநரான மைஸ்டரிடம் கையெழுத்து வாங்கிய என் பயிற்சிக் குறிப்பேடு இன்னும் இருக்கிறது. முதல் பக்கத்தில் இருப்பது அரம் பிடிப்பது எப்படி என்பதுதான்.