பெரிய பல்லிகளுக்கு வீட்டுக்குள் கூண்டு: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

பச்சை இகுவானா, டெகு மாதிரியான பெரிய பல்லிகளை வளர்க்கிறவர்கள், வளர்க்க நினைக்கிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. இந்த இரண்டு இனங்களையும் பல வருடமாக வளர்க்கிறேன், கூண்டுகளையும் நானே கட்டுகிறேன். எனக்குத் தெரிந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன்.

அண்ணா, என் இகுவானா இப்போது முழங்கை நீளம்தான் இருக்கிறது. 4 அடிக் கூண்டு போதாதா? வளர்ந்த பிறகு பெரிதாகக் கட்டிக்கொள்ளலாமே?

போதாது. வாலோடு சேர்த்து ஒன்றரை மீட்டர் சாதாரணமாக வளரும். சில ஆண்கள் 2 மீட்டரை நெருங்கும். அதுவும் முதல் சில வருடங்களிலேயே கிடுகிடுவென்று வளர்ந்துவிடும். சின்னக் கூண்டுக்கு வாங்கிய பலகையும் உழைப்பும் வீண்.

ஆனால் இட நெருக்கடியை விடப் பெரிய காரணம் வெப்பம். பல்லிக்கு வியர்க்காது. உடம்புச் சூட்டை அது இடம் மாறித்தான் சரிசெய்துகொள்ளும். வெயில் காய ஓர் இடம், ஆற ஓர் இடம், நடுவில் பல படிகள் வேண்டும். இகுவானாவுக்கு ஒரு முனையில் 35 முதல் 38 டிகிரி, மறுமுனையில் 26 என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 அடிப் பெட்டியில் ஒரு விளக்கைப் போட்டால் மொத்தப் பெட்டியும் சூடாகிவிடும். ஓடி ஒதுங்க இடமே இருக்காது. விளக்கைக் குறைத்தால் வெயில் காயும் இடம் செத்துப்போகும். நீங்கள் கட்டுவது இந்தச் சூட்டு இறக்கத்தைத்தான், பலகை அதைத் தாங்கி நிற்கிறது.

இகுவானா மரம் ஏறும் பிராணி, அதற்கு உயரம் முக்கியம். 6 அடி நீளம், 3 அடி அகலம், 6 அடி உயரம் என்பது குறைந்தபட்சம். டெகு தரையில் நடந்து மண் தோண்டும். அதற்கு 8 அடி நீளம், 4 அடி அகலம், 4 அடி உயரம். குட்டியை நேராகப் பெரிய கூண்டிலேயே விடலாம். பதுங்க இலையும் பொந்தும் நிறைய வையுங்கள், பயப்படாது.

கண்ணாடித் தொட்டியா, வலைக் கூண்டா, பிளைவுட்டா?

பிளைவுட். இந்த அளவில் கண்ணாடி தூக்க முடியாத கனம், சூடும் சீக்கிரம் வெளியேறும். வலையில் ஈரம் நிற்காது, நகமும் மாட்டிக்கொள்ளும். 18 மில்லிமீட்டர் பிளைவுட்டை மரச் சட்டத்தில் அறைந்து, முன்பக்கம் மட்டும் கண்ணாடி போடுங்கள். சிடார் மாதிரி வாசனை எண்ணெய் உள்ள மரம் வேண்டாம், அந்த ஆவி பல்லியின் மூச்சுக்கு ஆகாது. பூச்சி மருந்து ஏற்றிய பலகையும் உள்ளே வரக்கூடாது.

சார், இரண்டு கோட் வார்னிஷ் அடித்தும் அடிப்பலகை ஊதிவிட்டது. என்ன தப்பு?

தண்ணீர் பலகையின் முகத்தில் இறங்கியிருக்காது. வெட்டிய விளிம்பைப் பாருங்கள். அங்கேதான் பிளைவுட்டின் அடுக்குகள் வாய் திறந்து இருக்கும், ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சேர்ப்பதற்கு முன்பே ஒவ்வொரு விளிம்புக்கும் தனியாகப் பூச்சு கொடுக்க வேண்டும். திருகு போட்ட ஓட்டைகளுக்கும் அப்படியே.

டெகுவுக்கு வார்னிஷ் தாங்காது. தரையிலும் சுவரின் கீழ்ப்பாதியிலும் மீன் குளங்களுக்குப் பூசும் எபாக்சி என்ற பிசின் பூச்சைப் பூசுங்கள். மூலை இணைப்புகளுக்கு மீன்தொட்டி சிலிக்கான். குளியலறை சிலிக்கானில் பூஞ்சைக்கொல்லி கலந்திருக்கும், அது வேண்டாம். ஒரு விஷயம் பலர் கவனிப்பதில்லை: பல்லி சுவரை விட்டுவிட்டு மூலையைத்தான் பிறாண்டும். நகம் சிலிக்கான் ஓரத்தைக் கிளப்பிவிட்டால், அடுத்த தடவை தண்ணீர் தெளிக்கும்போது அங்கே ஈரம் புகும். அதனால் சிலிக்கான் மேல் மெல்லிய பிளாஸ்டிக் மூலைப் பட்டை ஒன்றை ஒட்டிவிடுகிறேன். பல்லிக்கு ஒன்றும் தெரியாது, இணைப்பு பல வருடம் நிற்கும்.

வெயில் காயும் இடத்தில் ஒரே ஒரு 150 வாட் விளக்கு வைத்திருக்கிறேன். முதுகுத் தோல் கருத்திருக்கிறது. பழைய தோல் உரிகிறதா?

தயவுசெய்து இன்றே அந்த விளக்கை மாற்றிவிட்டு ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் காட்டுங்கள். அது தீக்காயமாக இருக்க நிறைய வாய்ப்பு. பெரிய உடம்பின் மேல் ஒரே விளக்கு குவிந்தால் முதுகின் நடுவில் ஒரு திட்டு மட்டும் வேகும், வாலும் தோளும் குளிர்ந்தே இருக்கும். உடம்பு முழுக்கச் சூடாகவில்லை என்பதால் பிராணி நகராமல் அங்கேயே கிடக்கும். அதனால் குறைந்த வாட் விளக்குகள் மூன்று நான்கை வரிசையாக வையுங்கள். தலை முதல் வாலடி வரை சமமாகச் சூடு விழ வேண்டும். காற்றின் வெப்பத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். பல்லி படுக்கும் மரக்கட்டையின் மேல்பரப்பை அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்து பாருங்கள். இகுவானாவுக்கு 38 போதும். டெகுவுக்கு 45 வரை போகலாம், ஆனால் அது விலகிப் போக இடம் இருக்க வேண்டும். எல்லா விளக்குக்கும் கம்பிக் கூடு கட்டாயம்.

ஜன்னல் வழியாக நல்ல வெயில் வருகிறது. யூவிபி (ஒரு வகைப் புற ஊதாக் கதிர்) விளக்கு தேவையா?

தேவை. சாதாரணக் கண்ணாடி யூவிபி கதிரை ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடும். அந்தக் கதிர் இல்லாமல் தோலில் வைட்டமின் டி3 உருவாகாது, சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேராது. தாடை மெத்தென்று ஆகி, கால் வளைந்த இகுவானாவை ஒரு தடவை கையில் எடுத்தால் பிறகு யாரும் இந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார்கள். டி5 என்ற மெல்லிய யூவிபி டியூபை வெயில் காயும் இடத்துக்கு மேலே, சூட்டு விளக்குக்குப் பக்கத்திலேயே பொருத்துங்கள். நடுவில் வலை இருந்தால் மூன்றில் ஒரு பங்குக் கதிர், சில வலைகளில் அதற்கு மேலும், அங்கேயே போய்விடும். புற ஊதாக் குறியீட்டெண்ணைக் காட்டும் யூவி அளவி கிடைத்தால் பல்லியின் முதுகு உயரத்தில் வைத்துப் பாருங்கள், இகுவானாவுக்கு 3 முதல் 5 நல்ல அளவு. டியூப் எரிந்துகொண்டிருந்தாலும் வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். வெளிச்சம் இருக்கும், கதிர் குறைந்துபோயிருக்கும்.

டெகுவுக்கு ஓர் அடி மண் போடச் சொல்கிறார்கள். நான் மாடியில் இருக்கிறேன். தளம் தாங்குமா?

நல்ல வேளை, கட்டும் முன்பே கேட்டீர்கள். 8 அடிக்கு 4 அடிக் கூண்டில் ஓர் அடி ஆழம் ஈரமண் போட்டால், மண் மட்டுமே ஒரு டன்னைத் தாண்டும். வீட்டுத் தளங்களைப் பொதுவாக சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ சுமை தாங்கும்படிதான் கணக்குப் போட்டுக் கட்டுகிறார்கள். நீங்கள் வைக்கப்போவது 400 கிலோவைத் தாண்டும். கட்டடப் பொறியாளரிடம் காட்டாமல் மாடியில் வைக்காதீர்கள். முடிந்தால் கீழ்த்தளத்துக்கு மாற்றுங்கள். தேங்காய் நார்த்தூளும் இலைச்சருகும் அதிகமாகச் சேர்த்தால் கனம் குறையும், ஆனால் வெறும் நார்த்தூளில் வளை நிற்காது, சரிந்துவிடும். மண்ணும் கொஞ்சம் மணலும் கலந்தால்தான் டெகு தோண்டிய வளை அப்படியே இருக்கும்.

ஈரப்பதம் 70 சதவீதம் வேண்டும் என்று எல்லாத் துளைகளையும் அடைத்தேன். பூஞ்சை வந்துவிட்டது.

துளைகளைத் திறந்துவிடுங்கள். குளிர்ந்த பக்கம் கீழே ஒரு காற்றுவழி, சூடான பக்கம் மேலே ஒன்று. சூடான காற்று மேலே போக, கீழிருந்து புதுக்காற்று தானாக உள்ளே வரும். ஈரத்தை அடிமண்ணில் தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றுங்கள், மேல்மண் காய்ந்தே இருக்கட்டும்.

என் இகுவானா கண்ணாடிக் கதவில் மூக்கைத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்கிறது, அக்கா சொன்னார்கள் நீங்கள் வழி சொல்வீர்கள் என்று.

கண்ணாடியின் கீழ் முக்கால் அடிக்கு உள்பக்கம் ஏதாவது ஒளிபுகாத தாளை ஒட்டுங்கள். அது வெளியே போகும் வழி என்று நினைத்துத்தான் முட்டுகிறது. அப்படியும் நிற்கவில்லை என்றால் இடம் போதவில்லை, அல்லது எதிரே தன் பிம்பத்தைப் பார்த்து இன்னொரு ஆண் என்று நினைக்கிறது.

கதவை எப்போதும் முன்பக்கம் வையுங்கள். இகுவானாவின் உச்சந்தலையில் ஒளியையும் நிழலையும் உணரும் மூன்றாவது கண் ஒன்று உண்டு. மேலிருந்து கை இறங்கினால் அதற்குப் பருந்துதான். கதவுக்குப் பூட்டு கண்டிப்பாக வேண்டும். டெகு தள்ளுகதவை நகத்தாலேயே நகர்த்தப் பழகிவிடும்.

சூட்டுக்கல் (மின்சாரத்தில் சூடாகும் கல்) வைக்கலாமா?

வேண்டாம். வயிற்றுத் தோல் வெந்துபோகும் வரை அதன் மேலேயே படுத்திருக்கும்.

இரண்டு ஆண்களை ஒன்றாக விடலாமா?

எவ்வளவு பெரிய கூண்டானாலும் கூடாது.

வயலில் பிடித்த உடும்புக்கு இதே கூண்டு சரிவருமா?

காட்டு உயிரைப் பிடித்து வளர்க்க நான் வழி சொல்லமாட்டேன். வங்க உடும்பு, காட்டு உயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில், அதாவது மிகக் கடுமையான பட்டியலில், இருக்கிறது. பிடித்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

எல்லாம் முடிந்துவிட்டது. நாளைக்கே உள்ளே விடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். எபாக்சி வாசனை முழுவதும் போகட்டும், இரண்டு வாரமாவது திறந்து வையுங்கள். அப்புறம் காலிக் கூண்டிலேயே விளக்குகளை 12 மணி நேரம் எரிய, 12 மணி நேரம் அணைய விட்டுச் சில நாள் ஓட்டிப் பாருங்கள். சூடான முனை, நடு, குளிர்ந்த முனை மூன்றிலும் காலை, மதியம், இரவு அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். இரவில் 22 டிகிரிக்குக் கீழே போனால் வெளிச்சம் தராத பீங்கான் சூடேற்றி ஒன்றை, குறித்த சூட்டில் தானே அணைத்துப் போடும் தெர்மோஸ்டாட்டோடு சேர்க்க வேண்டும். அதற்குப் பீங்கான் ஹோல்டர்தான், பிளாஸ்டிக் உருகிவிடும். தெர்மோஸ்டாட்டின் உணர்வியைப் பல்லி இழுக்க முடியாதபடி இறுக்கிக் கட்டுங்கள். அது இடம் மாறிக் குளிர்ந்த மூலையில் விழுந்தால் சூடேற்றி நிற்காமல் எரியும். மின் இணைப்பில் கசிவு வந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் காட்டிவிடுங்கள். இந்த அளவுகள் இரண்டு மூன்று நாள் மாறாமல் நின்றால் தண்ணீர்த் தொட்டியை நிரப்பிவிட்டுப் பிராணியை விடலாம். அந்தத் தொட்டியைச் சமையலறையில் கழுவாதீர்கள், ஊர்வனவற்றின் கழிவில் சால்மொனெல்லா கிருமி இருக்கும்.