சிம் பின் என்றால் என்ன? திரைப்பூட்டு இருக்கும்போது அது எதற்கு?

சிம் அட்டைக்கென்றே தனியாக வைக்கும் 4 முதல் 8 இலக்க ரகசிய எண்தான் சிம் பின். போனை அணைத்துப் போடும்போதும், சிம்மை வேறு போனில் செருகும்போதும் அந்த எண்ணைக் கேட்கும். சரியாகத் தராவிட்டால் உங்கள் போன் எண்ணுக்கு அழைப்பும் வராது, குறுஞ்செய்தியும் வராது.

தீபாவளி நெரிசலில், வண்ணாரப்பேட்டை எம்.சி. சாலையில் உங்கள் போனை ஒருவன் அடித்துவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரைப்பூட்டோடு அவன் மல்லுக்கட்ட வேண்டியதில்லை. ஓரமாக ஒதுங்கி, ஊக்கு முனையால் பக்கவாட்டுத் துளையை அழுத்தி, சிம்மை உருவித் தன் போனில் போட்டால் போதும். பிறகு 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று தட்டினால், உங்கள் கணக்குகளின் ஓடிபி அவன் கைக்கு வரும்.

எங்கள் பக்கத்துப் பழைய ஒண்டுக்குடித்தன வீடுகளில் ஒவ்வொரு போர்ஷனுக்கும் பூட்டு உண்டு. தபால் பெட்டியோ தெருவாசலில் திறந்தே கிடக்கும். சிம் அந்தத் தபால் பெட்டி.

பல ஆண்ட்ராய்டு போன்களின் அமைப்புகளில், பாதுகாப்புப் பகுதியில் 'சிம் பூட்டு' இருக்கும். சிம் நிறுவனம் ஏற்கெனவே வைத்திருக்கும் பின் எண்ணை வாடிக்கையாளர் சேவையில் கேட்டுக்கொண்டு மாற்றுங்கள். குத்துமதிப்பாகப் போட்டுப் பார்க்கவே வேண்டாம்: 3 முறை தவறினால் சிம் பூட்டிக்கொள்ளும், திறக்க 8 இலக்க 'பக்' (PUK) எண் வேண்டும். அதையும் 10 முறை தவறினால் அட்டையே வீண்.

போன் தொலைந்தால் முதலில் சிம்மை முடக்கச் சொல்லுங்கள்; பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள்.

கைரேகை வைத்திருப்பதால் சிம்மும் பத்திரம் என்று பலர் நம்புகிறார்கள்; கைரேகை காப்பது போனை மட்டுமே, வெளியே உருவிய சிம்மை அல்ல.