சும்மா கிடைக்கிற 'சும்மா'வுக்குக் காசு எதற்கு?

கேள்வி: இடைக்கால ஐரோப்பாவின் வட்டித் தடை பற்றி ஆய்வு செய்கிறேன். பிரான்சிஸ்கன் துறவி ஆஞ்சலோ கர்லெத்தி பாவமன்னிப்பு கேட்கும் குருக்களுக்காக லத்தீனில் எழுதிய 'சும்மா ஆஞ்செலிகா' என்ற கையேட்டில் ('சும்மா' என்றால் தொகுப்பு நூல்) வரிக்கு வரி 'எக்ஸ்ட்ரா தே உசூ. கா. கோன்சுலுயித்' என்பதுபோல் துண்டு துண்டாக வருகிறது. பக்கத்துக்கு 600 ரூபாய் கொடுத்தால் மொழிபெயர்த்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். நீங்கள் காட்டியது மொழிபெயர்க்க வேண்டிய வாக்கியமே இல்லை, விலாசம்.

பரோட்டாவுக்கு எக்ஸ்ட்ரா சால்னா கேட்கிறோமே, அந்த எக்ஸ்ட்ரா இல்லை இது. கிராசியன் 1140 வாக்கில் தொகுத்த 'தெக்ரேத்தும்' என்ற திருச்சபைச் சட்ட நூலுக்கு வெளியே இருந்த திருத்தந்தையர் கடிதங்களை, திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரி 1234இல் தனித் தொகுப்பாக வெளியிட்டார். அதன் பெயர்தான் எக்ஸ்ட்ரா. 'தே உசூ.' வட்டி பற்றிய தலைப்பு, 'கா.' அத்தியாயம், 'கோன்சுலுயித்' அந்த அத்தியாயத்தின் முதல் சொல். நாம் செய்யுள் முதற்குறிப்பு பார்ப்பதில்லையா, அதேதான்.

இன்றைய எண்ணில் 5ஆம் புத்தகம், 19ஆம் தலைப்பு, 10ஆம் அத்தியாயம். திறந்தால் திருத்தந்தை மூன்றாம் உர்பனின் பதில் இருக்கும். லூக்கா நற்செய்தியைக் காட்டி, பேசிவைக்காமலே கூடுதல் வரும் என்று நினைத்துக் கடன் கொடுப்பவனையும், கடனுக்கு விற்கும்போது விலையை ஏற்றுபவனையும் ஒன்றாகக் கண்டிக்கிறார். உங்கள் ஆய்வுக்கு வேண்டியதே இந்த இடம்தான். மொழிபெயர்ப்புக் கடைக்காரர் இதைத் திறந்தே பார்க்க மாட்டார். 'கூடுதலாக, வட்டி, ஆலோசித்தார்' என்று தட்டச்சு செய்து தந்துவிடுவார். அப்படி ஒரு ஆய்வேடு தேறியதை நானே பார்த்திருக்கிறேன்.

'எக்ஸ்ட்ரா' இல்லாமல் எண்களுக்கு நடுவே 'கு.' (குவெஸ்தியோ, அதாவது கேள்வி) வந்தால் அது தெக்ரேத்துமின் இரண்டாம் பகுதி: வழக்கு எண், கேள்வி எண். சரி, ஒரே ஒரு பொறி உண்டு. 'தே பெ. தி.' (பாவப் பரிகாரம் பற்றிய திஸ்திங்சியோ, அதாவது பிரிவு) என்று வந்தால் பலரும் முதல் பகுதியின் 101 திஸ்திங்சியோக்களில் போய்த் தேடுவார்கள். கிடைக்காது. பாவப் பரிகாரம் பற்றிய ஏழு திஸ்திங்சியோக்களும் இரண்டாம் பகுதியில், 33ஆம் வழக்கின் 3ஆம் கேள்விக்குள் ஒளிந்திருக்கின்றன. இரண்டு நாள் தேடிக் களைத்தவன் சொல்கிறேன், 'தே பெ.' பார்த்தால் நேரே 33ஆம் வழக்குக்குப் போங்கள்.

வெட்கப்படவும் வேண்டாம். இந்தச் சுருக்கங்களைப் படிப்பது எப்படி என்று 15ஆம் நூற்றாண்டிலேயே தனிப் புத்தகம் அச்சிட்டு விற்றார்கள்.

1486இல் கியாவஸ்ஸோவில் முதலில் அச்சான ஆஞ்செலிகாவை, 1520 டிசம்பரில் ஜெர்மனியின் விட்டன்பர்க்கில், திருச்சபையை எதிர்த்த மார்ட்டின் லூத்தர் தரப்பினர் நெருப்பில் போட்டார்கள். அதையும் மீறி ஏராளமான பிரதிகள் மிஞ்சின. பழைய பதிப்புகளின் ஸ்கேன்கள், ஃப்ரீட்பெர்க் 1879, 1881இல் பதிப்பித்த திருச்சபைச் சட்டத் தொகுப்பு (தெக்ரேத்தும், எக்ஸ்ட்ரா இரண்டும் இதில் உண்டு), எல்லாம் இணையத்தில் இலவசம். இதற்கும் துறைத்தலைவர் கையெழுத்து வேண்டும் என்று நூலகத்தில் இழுத்தடித்தால் திரும்பி வந்து கைபேசியில் இறக்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், அடிக்குறிப்புப் படிவம் 'பக்க எண்' கேட்கும். பல பழைய பதிப்புகளில் இருப்பது தாள் எண் மட்டுமே. தாள் எண்ணுடன் முன்புறமா பின்புறமா என்று போடுங்கள். படிவம் போட்டவர்கள் இந்தப் புத்தகத்தைக் கண்ணால் பார்த்ததில்லை.