கைப்பிடியைக் கழுவியவர்கள்

அன்புள்ள அண்ணா,

மகள் ஐந்தாம் வகுப்பு. பிறவியிலேயே உதட்டுப் பிளவு. ஆபரேஷன் முடிந்து தழும்பு மட்டும் இருக்கிறது. பள்ளியில் கிண்டல் தாங்கவில்லை. ஆர். ஜே. பலாசியோவின் 'வொண்டர்' நாவலை வாங்கிக் கொடுக்கச் சொல்கிறார்கள். ஆங்கிலம் அவளுக்குப் புரியுமா? படித்துவிட்டு இன்னும் சோர்ந்துபோவாளா? படமே போதுமா? (கிரகணத்தன்று நான் வெளியே போனதால் வந்தது என்று மாமியார் இன்னமும் சொல்கிறார்.)

ஆர்., கொருக்குப்பேட்டை

அன்புள்ள ஆர்.,

ஆங்கிலம் புரியும், குட்டிக் குட்டி அத்தியாயங்கள்தான். படம் 2017இல் வந்தது, அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நான் பதில் எழுத உட்கார்ந்ததே அடைப்புக்குறிக்குள் இருக்கும் அந்த ஒரு வரிக்காகத்தான்.

காசிமேட்டில் எங்கள் தெருவில் ஒரு பையன், என்னைவிட ஒரு வயது சின்னவன், 1980 ஜூனில் பிறந்தவன். மேலுதடு மூக்குவரை பிளந்திருக்கும். அந்த வருஷம் பிப்ரவரி 16, சூரிய கிரகணத்தன்று அவன் அம்மா காயப்போட்ட கருவாட்டை அள்ளப் போனாராம், அதனால்தான் என்று தெருவே சொன்னது. அவரும் நம்பினார். ஏம்மா, கணக்குப் போட்டுப் பாருங்கள். கருத்தரித்து இரண்டு மாதத்துக்குள் குழந்தையின் உதடு கூடிவிடும். கிரகணத்தன்று அவருக்கு ஐந்து மாதம். இதை மாமியாரிடம் சத்தமாகவே சொல்லுங்கள், அடைப்புக்குறிக்குள் முனகாதீர்கள்.

நாவலில் ஆகஸ்ட் என்ற பையனுக்கு 27 ஆபரேஷன் ஆன பிறகும் முகம் மற்றவர்கள் மாதிரி இல்லை. அவனை யாராவது தொட்டுவிட்டால் 30 நொடிக்குள் கை கழுவ வேண்டும், இது பள்ளிப் பிள்ளைகளின் விளையாட்டு. 2012இல் நியூயார்க் கதையாக வந்த இதை எண்பதுகளிலேயே எங்கள் அடிபம்பில் ஆடிவிட்டோம். எங்கள் தெருப் பையன் தொட்ட கைப்பிடியைக் கழுவாமல் ஒருத்தரும் தொட மாட்டோம். கழுவத் தண்ணீர்? அதையும் அவன்தான் அடிப்பான். சொம்பில் பிடித்து, கைப்பிடியின் நுனியிலிருந்து அடிவரை ஊற்றிவிட்டு, நாலு அடி தள்ளிப் போய் நிற்பான். 'இன்னொரு சொம்பு ஊத்துடா' என்று நான் சொல்வேன். ஊற்றுவான். இப்போது மீன்பிடி லாஞ்சுக்குப் போகிறான். போன மாதம் மீன் ஏலம் விடும் இடத்தில் பார்த்துக் கை நீட்டினேன். 'மீன் கைண்ணா' என்று ஓடிப்போய்க் கழுவிக்கொண்டு வந்துதான் கொடுத்தான்.

நாவலின் முடிவில் ஆகஸ்டுக்கு மெடல் கொடுத்து எல்லோரும் எழுந்து நின்று கைதட்டுவார்கள். எனக்கு அங்கேதான் உறுத்துகிறது. சும்மா ஒரு பிள்ளையாக வகுப்பில் உட்கார மெடல் எதற்கு?

உங்கள் மகள் சோர்ந்துபோவாளா என்று கேட்கிறீர்கள். கிண்டல் செய்யும் பிள்ளைகள் கையில் அந்தப் புத்தகத்தைக் கொடுக்க உங்களுக்கு ஏன் தோன்றவே இல்லை? எனக்குக் கோபம் அதில்தான். மருந்து குடிக்க வேண்டியவன் ஒருத்தன், நீங்கள் பாட்டிலைத் திறப்பது இன்னொருத்திக்கு. அவள் படிக்கட்டும், பிடித்தால் சிரிக்கட்டும், பாதியில் மூடி வைத்தாலும் விடுங்கள். இரண்டு பிரதி வாங்குங்கள். இரண்டாவது வகுப்பு டீச்சருக்கு. தினம் பத்து நிமிஷம் வகுப்பில் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.

டீச்சர் தயங்கினால் எழுதுங்கள், நானே வந்து வாசிக்கிறேன். ரயில்வே கேட் சாத்தியிருந்தால் கொஞ்சம் லேட்டாகும், அவ்வளவுதான்.